கட்டணம் இல்லை, செலவு உண்டு

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளுக்கு இஸ்திரி போடுகிறார். நான் சட்டம் படிக்கிறேன்.

"கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுக்கு எல்லாமே ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு ஸ்காலர்ஷிப்?" என்று கேட்கிறார்கள். பாதி சரி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இரண்டும் இல்லையென்றால் நான் இந்தப் படிப்பை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்த சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. போய் வருவதிலேயே பொழுது போய்விடுகிறது; மாலையில் டியூஷன் எடுக்க நேரமில்லை. பாரதி சாலையில் பழைய புத்தகம் வாங்கலாம் என்றால், 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. மலிவாகக் கிடைப்பது பழைய சட்டம், தேர்வுக்கு வேண்டியது புதுசு. கறுப்பு கோட்டு, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் எல்லாம் தனி.

படித்து முடித்தவர்களுக்கு 2024 நல்ல வருடம். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப் பிரிவினருக்கும் 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சென்னையில் ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் என்றது உயர் நீதிமன்றம். நானும் படித்து முடிக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான் உதவி கேட்கிறேன்.

வக்கீல் அண்ணன்கள், அக்காக்களே, புதுச் சட்டப் புத்தகங்களோ, பயணப்படியோடு இன்டர்ன்ஷிப்போ, அறக்கட்டளை உதவித்தொகை பற்றிய தகவலோ இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் தயாராக இருக்கிறது.