மாரிக்கு முந்திய ஆறு கிழமைகள்



இன்று பகல் உங்கள் அடுப்பில் வெந்த கறியில் உங்கள் வளவில் பறித்தது எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கறிவேப்பிலை என்று சிலர் சொல்வீர்கள். முருங்கைக்கீரை என்று இன்னும் சிலர் சொல்வீர்கள். "வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை, இதில் வளவு எங்கே மௌலவி?" என்று சிரிப்பவர்களும் இருப்பீர்கள். எல்லோருக்குமாகவே இதை எழுதுகிறேன். வீட்டுத்தோட்டத்துக்கு இடம் கொஞ்சம் போதும். ஆனால் காலம் தவறக்கூடாது.

நான் விவசாயம் படித்தவன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதிவிட்டுப் பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிப்பவன். தோட்டத்தில் எனக்கு உஸ்தாத் என் உம்மாதான். அம்பாறைக் கரையோரத்து மணல் வளவில் எங்கள் ஐந்து பேருக்கும் கறிக்குக் குறைவில்லாமல் வளர்த்தவர் அவர்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அடுத்த வருடம் நாடே கடனில் விழுந்தது. காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். மரக்கறி விலை கேட்டுவிட்டு வெறும் பையுடன் திரும்பிய நாட்களும் உண்டு. அந்த ஜூன் மாதத்தில்தான், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கத் தீர்மானித்தார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மம்பட்டி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். உம்மா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "இது விதைக்கிற காற்று இல்லை மகன். கச்சான் ஓயட்டும்."

அவர் சொன்னது சரிதான். ஜூன், ஜூலையில் கிழக்கில் வீசும் கச்சான் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கிணற்றில் அள்ளி இரு வேளையும் ஊற்ற முடிந்த வீடுகளில் சில செடிகள் தப்பின. மற்றவை குருத்திலேயே கருகின. ஆசைப்பட்டுத் தொடங்கிய பலர் 'நமக்குக் கைராசி இல்லை' என்று மம்பட்டியைக் கழுவி வைத்தார்கள். கைராசியில் குறையில்லை, மாதம்தான் பொருந்தவில்லை. உம்மா பொறுத்திருந்து செப்டெம்பரில் நாற்றுப் போட்டார். அந்த மாரியில் நாங்கள் பச்சைக் கொச்சிக்காய் விலை கேட்கவே இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கிழக்கில் வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் விழுகிறது. மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதே மாரிதான். காலி, களுத்துறை, மாவனல்லைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு மே மாதத்திலும் ஒரு மழை தொடங்கும். உங்கள் ஊரில் மழை எப்போது தொடங்குகிறதோ, அதற்கு முந்திய ஆறு கிழமைகளை எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டம் நிறைவதும் வெறுமையாவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது.

முதல் வேலை மண். எங்கள் கரையோர மணலில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. ஆகவே உக்கிய மாட்டெரு, சருகு, வேலிக் கிளிசரியாவின் இலை, தும்புத்தூள் எல்லாவற்றையும் கலந்து கொத்தி வைப்போம். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் வெந்துபோகும். நன்றாக உக்கிக் கறுத்து, மணம் போனதையே போடுங்கள். பாத்திக்கு அடியில் பொச்சு மட்டைகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் மூடினால், மழை விட்ட நாட்களிலும் ஈரம் தங்கும்.

இரண்டாவது நாற்று. கத்தரி, கொச்சிக்காய், தக்காளி மூன்றும் நாற்றுமேடையில் நான்கு, ஐந்து கிழமைகள் வளரவேண்டியவை. மழை தொடங்கிய பிறகு விதை போடுகிறவர்களுக்குச் சிறு நாற்றெல்லாம் அடைமழையில் அழுகும். முன்னதாகவே போட்டவர்கள் முதல் மழையோடு நட்டுவிடுவார்கள். நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டு விதைப்பது நல்ல வழக்கம். மேல்மண்ணில் இருக்கும் நோய்க்கிருமி அழியும். மேடை அரை அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். மேலே கிடுகு கட்டினால் வெயிலும் பெருமழையும் நேரே விழாது. தண்ணீர் அதிகமானால் தண்டு அடியில் அழுகிச் சாயும், கவனம்.

வெண்டி, பயற்றை, பாகல், புடோல், பூசணி ஆகியவற்றை நேரே குழியில் போடலாம். வெண்டி விதையை ஓரிரவு ஊறவைத்து, குழிக்கு மூன்று விதை போட்டு, முளைத்ததும் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நாற்று நடுவது அஸருக்குப் பிறகுதான். நட்டதும் மூன்று நான்கு நாட்கள் வாழைமட்டைத் துண்டால் நிழல் கொடுங்கள்.

பலன் எப்போது வரும் என்று கேட்பீர்கள். தண்டுக்கீரையும் கங்குனும் ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். வெண்டி ஏறத்தாழ ஐம்பது நாளில் காய்க்கும். பயற்றைக்கு இன்னும் சில நாள் கூடும். கத்தரி நாற்று நட்டதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதம் பொறுக்கவேண்டும். அதனால்தான் உம்மா எப்போதும் பாத்தியோரத்தில் கீரை தூவுவார். முதல் மாதத்திலேயே ஒரு பிடி கிடைத்தால் மனம் சோராது.

வளவே இல்லாதவர்கள் மண் நிரப்பிய சாக்கிலும் பழைய வாளியிலும் கொச்சிக்காயும் கீரையும் வளர்க்கலாம். அடியில் துளை இருக்கட்டும். மாரிக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சட்டியும் டின்னும் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். வுழூச் செய்யும் தண்ணீர் வீணே ஓடாமல் ஒரு பாத்திக்குப் போகும்படி சிறு வாய்க்கால் வெட்டுங்கள். ஒரு குடும்பம் ஐந்து நேரமும் வுழூச் செய்யும் தண்ணீர் இரண்டு பாகல் கொடிக்குத் தாராளம்.

ஒருவர் விதைத்ததில் மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் அது விதைத்தவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை மதரஸாவில் எல்லோரும் ஓதியிருக்கிறோம். அணில் கடித்த தக்காளியைக் காட்டி, "ஸதகா போயிற்று" என்று உம்மா சிரிப்பார். அதற்காகக் கோழிகளைத் திறந்துவிட அவர் சம்மதித்ததில்லை. நாற்றுக்கு முதல் எதிரி கோழிதான்!

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் மாவட்டம்தான். நான் மௌலவிப் பட்டம் பெற்று ஊர் வந்திருந்த காலம் அது. வேலி போயிற்று, கிணறு உப்பாயிற்று, வளவெங்கும் கடல் மணலும் உடைந்த ஓடும் கிடந்தன. இனி இந்த மண்ணில் எதுவும் முளைக்காது என்று பேசிக்கொண்டார்கள். உம்மா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. கடல் ஏறாத ஊரிலிருந்த தன் ராத்தாவிடம் விதை வாங்கி வைத்துக்கொண்டார். மணலில் உப்பு நெடுநாள் நிற்பதில்லை, மழை அதைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். அடுத்த மாரிக்கு முன், 2005 செப்டெம்பரில், பக்கத்து வீடுகள் சில ஆளின்றி இருக்கையில், அவர் நாற்றுமேடை கட்டினார். கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள நாற்றை நட்டுவிடச் சொன்ன ஹதீஸை நான் கிதாபில் படித்தவன். அதை வாழ்ந்து காட்டியவர் அவர்.

அந்த உம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மறதி வந்திருக்கிறது. என் மூத்த மகளைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைக்கிறார். விதையைக் கையில் கொடுத்தால் விரலால் தடவிப் பார்த்து, "இது பழசு, முளைக்காது" என்று இன்னும் சொல்கிறார். ஆனால் வேலியோரத்துப் பாகல் விதை யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் விழிக்கிறார். அது போய்விட்டது. இனி யாரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே என் மனைவி ஒரு கொப்பி போட்டிருக்கிறார். உம்மா நினைவோடு இருக்கும் நேரங்களில், பெரும்பாலும் ஸுபஹுக்குப் பிறகு, பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதுகிறார். கிணற்றடி மூலையில் தக்காளி வைக்காதே, தண்ணீர் நிற்கும். மாமரத்து நிழல் பகலில் கிழக்குப் பாத்தியில் விழும், அங்கே கீரைதான் சரி. பயற்றங்குருத்தில் கறுப்புப் பூச்சி கண்டால் பனி காயுமுன் சாம்பல் தூவு. பாகல் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடு, ஈ குத்தாது. முதலில் காய்த்த நல்ல வெண்டிக்காய் இரண்டைக் கறிக்குப் பறிக்காதே, செடியில் கட்டி அடையாளம் வை, அது விதைக்கு.

சகோதரிகளே, கத்தரியில் திருநெல்வேலி ஊதா, வெண்டியில் ஹரித என்று நல்ல இனங்களை விவசாயத் திணைக்களம் தந்திருக்கிறது. அவற்றின் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். கடையில் வாங்கும் கலப்பின விதையின் பிள்ளைகள் தாயைப் போல வருவதில்லை. இவற்றையெல்லாம் விவசாயப் போதனாசிரியர் சொல்லித் தருவார், கேளுங்கள். ஆனால் உங்கள் வளவில் எங்கே தண்ணீர் நிற்கும், எந்தக் காற்று எந்த மூலையால் வரும் என்பதை அவர் அறியமாட்டார். அது உங்கள் உம்மாவுக்கும் மாமிக்கும் மட்டுமே தெரியும்.

வருகிற மாரிக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு சாண் பாத்தியாவது கொத்தி எருப் போடுங்கள். ஒரு கைப்பிடி கொச்சிக்காய் நாற்று வளருங்கள். ஒரு கொப்பி எடுத்து, வீட்டில் மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். முதல் இரண்டும் பிந்தினால் அடுத்த மாரி வரும். மூன்றாவதைப் பிற்போடாதீர்கள்.