நாக்கில் ஒரு மேப்

சங்கரன்கோவிலில் எல்லோரும் நலம்.

இரண்டு மாதமாக எனக்கு ரசம், ஊறுகாய் எது பட்டாலும் நாக்கு காந்தியது. கண்ணாடியில் பார்த்தால் சிவப்புத் திட்டுகள், சுற்றிலும் வெள்ளை ஓரம். நாலு நாள் கழித்துப் பார்த்தால் திட்டு வேறு இடத்தில்! புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, வீட்டில்கூடச் சொல்லாமல் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

கடைசியில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். "சார், இதுக்குப் பேரு ஜியாக்ரஃபிக் டங். நாக்குல மேப் மாதிரி இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். காலமெல்லாம் புவியியல் நடத்தியவனுக்கு வந்த நோயைப் பாருங்கள்!

நாக்கின் மேலுள்ள நுண்ணிய மொட்டுகள் அங்கங்கே உதிர்ந்து, திரும்ப முளைக்கின்றன. அதனால்தான் திட்டு இடம் மாறுகிறது. நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இருக்குமாம். உறுதியான காரணம் இதுவரை தெரியவில்லை. ஆனால் சோரியாசிஸ், அலர்ஜி, நாக்கில் வெடிப்பு, மனக்கவலை உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. பரம்பரையாகவும் வரலாம். டாக்டர் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பல வருடமாகக் கோயில் புற்றுமண் பூசி, முழுக்கைச் சட்டைக்குள் நான் மறைத்து வைத்திருந்த செதில், சோரியாசிஸ்தான். இப்போது அதற்கும் மருந்து போடுகிறேன். நாக்குக்கு மருந்தே இல்லை. காரத்தையும் புளியையும் குறைத்தேன், அவ்வளவுதான்.

"இது ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "ஒட்டவே ஒட்டாது" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இன்னும் விடவில்லை.

ரொம்ப வருடம் முன்பு எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு இதே நாக்கு. மற்ற பிள்ளைகள் அவனோடு தண்ணீர் டம்ளரைப் பகிர மாட்டோம் என்றார்கள். நான் விசாரிக்கவே இல்லை. அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். வருஷம் முழுக்க அங்கேயே இருந்தான். பெயரைப் போடவில்லை, படித்தால் அவனுக்கே தெரியும். தம்பி, தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள். ஒருநாள் வீட்டுக்கு வா, ஒரே டம்ளரில் காபி குடிப்போம்.

மற்றவர்களுக்கு ஒன்று: திட்டு நகர்ந்தால் பயம் வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கட்டியான தடிப்போ இருந்தால், முக்கியமாகப் புகையிலை போடுகிறவர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். என்னைப் போல ஒளித்து வைக்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஜாக்ரஃபி சார்