ஏசி ஸ்விட்ச்சை டைரக்ட் குடுக்கலாமா?

பழைய கார் வச்சிருக்கிற மக்கள் ஒருதடவையாவது கேட்டிருப்பீங்க: "ப்ரஷர் ஸ்விட்ச் போயிடுச்சு சார், டைரக்ட் குடுத்துடலாம்." ஒரு துண்டு வயர்ல வேலை முடிஞ்சிடும். ஆனா அந்தத் துண்டு வயர் கம்ப்ரசரையே காவு வாங்கிடலாம். எப்படின்னு தெரிஞ்சவரைக்கும் சொல்றேன். (படிச்சது இன்ஜினியரிங், பாக்குறது பொட்டி தட்டுற வேலை, அதனால கொஞ்சம் பொறுத்துக்கங்க :))

நம்மூர் பழைய கார்கள் பலதுல இந்த ஸ்விட்ச் ட்ரையர் பாட்டில் மேலயோ, அதை ஒட்டின பைப்லயோ இருக்கும். கம்ப்ரசர் கிளட்ச்சுக்குக் கரண்ட் போகணும்னா இதோட சம்மதம் வேணும். ப்ரஷர் சுமார் 2 கிலோவுக்குக் கீழ போனா ஆஃப். சுமார் 32 கிலோவைத் தாண்டினாலும் ஆஃப். நடுவுல இருந்தா ஆன். அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

கேஸ் எவ்ளோ இருக்குன்னு மட்டும் அதுக்குத் தெரியாது. வீட்டு சிலிண்டரை நினைச்சுக்குங்க. பாதி இருந்தாலும் முழுசா இருந்தாலும் உள்ள ப்ரஷர் ஏறக்குறைய ஒண்ணுதான், ஏன்னா திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலே போதும். ஆர்134ஏ கேஸும் அப்படித்தான். 35 டிகிரியில, இன்ஜின் ஆஃப்ல, திரவம் துளி இருந்தாலும் சுமார் 8 கிலோ காட்டும். அப்படிப்பட்ட நாள்ல வண்டி சும்மா நிக்கும்போதே 2 கிலோவுக்குக் கீழன்னா, கேஸ் ஏறக்குறைய காலின்னு அர்த்தம். எங்கயோ லீக். கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயிலும் அந்த கேஸோடதான் சுத்தி வருது. கேஸ் இல்லாம டைரக்ட் குடுத்து ஓட்டினா, ஆயில் திரும்பி வராம கம்ப்ரசர் ஜாம் ஆயிடும்.

எங்க கதை இன்னொரு முனை. அப்பாவோட கார் 2001 மாடல். அம்மாவுக்கு மாசாமாசம் சென்னையில செக்கப். வெயில் அவங்களுக்கு ஆகவே ஆகாது, மயக்கம் வந்துடும். போன மே மாசம் ஒலக்கூருக்குத் திரும்பும்போது ரோட்டுல ஓடுற வரைக்கும் ஏசி அருமை. ஆத்தூர் டோல்கேட் வரிசையில நின்னதும் வெறும் காத்து. (2021 பிப்ரவரியிலயே ஃபாஸ்டேக் கட்டாயம் ஆயிடுச்சு, ஆனாலும் லீவு நாள்ல வரிசை இருக்கத்தான் செய்யுது.) டோல் தாண்டி வேகம் எடுத்ததும் மறுபடி ஜில்!

திண்டிவனத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு அதே வசனம்: "ஸ்விட்ச்தான் தம்பி, டைரக்ட் குடுத்துடறேன்." அப்பாவும், "குடுத்துடுப்பா, உங்கம்மா படுற பாட்டைப் பாக்க முடியல"ன்னார்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஸ்விட்ச் கெட்டிருந்தா ஓடும்போது மட்டும் எப்படிண்ணே வேலை செய்யுது?"

அவர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு பானெட்டைத் திறந்தார். கண்டென்சர் ஃபேன் சுத்தவே இல்ல. வண்டி ஓடும்போது எதிர்காத்து அந்த வேலையைப் பாத்திருக்கு. நின்னதும் சூடு வெளியேற வழியில்லாம ப்ரஷர் ஏறி, ஸ்விட்ச் கட் பண்ணியிருக்கு. 32 கிலோன்னா கேஸ் கிட்டத்தட்ட 90 டிகிரியில இருக்குன்னு அர்த்தம். கார் டயர்ல நாம அடிக்கிற காத்தைவிட பத்து மடங்குக்கும் மேல! அந்த நேரத்துல டைரக்ட் குடுத்திருந்தா ப்ரஷர் இன்னும் ஏறும். ரிலீஃப் வால்வு இருந்தா கேஸ் வெளிய பீய்ச்சும், இல்லேன்னா ஹோஸோ சீலோ கிழியும். அதுவும் டோல் வரிசையில, அம்மா உள்ள இருக்கும்போது.

ஃபேன் மோட்டார் மாத்தினதோட சரி. ஸ்விட்ச் அதே பழைய ஸ்விட்ச்தான், இன்னும் ஓடுது. அண்ணனும் நல்ல மனுஷன். "நீ கேட்டது நல்லதாப் போச்சு தம்பி"ன்னு டீ வாங்கிக் குடுத்தார்.

ஆர்12 போட்ட 90-கள் கார் வச்சிருக்கவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓசோன் ஓட்டையால 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அந்த கேஸுக்கு மூடுவிழா நடந்துச்சு. ஆர்134ஏவுக்கு மாத்தினா, நம்ம வெயில்ல ஹை ப்ரஷர் முன்னைவிட அதிகமாப் போகும். அதனாலதான் அமெரிக்காவுல, ரிலீஃப் வால்வு இருக்கிற வண்டியை இப்படி மாத்தும்போது கட்-ஆஃப் ஸ்விட்ச்சும் சேக்கணும்னு சுற்றுச்சூழல் துறை விதியே போட்டுச்சு.

ஸ்விட்ச் கெடவே கெடாதுன்னு சொல்லல. கேஜ்ல 8 கிலோ காட்டியும் மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி இல்லேன்னா அது நிஜமாவே போச்சு, புதுசு போடுங்க. சில வண்டிகள்ல ஸ்விட்ச்சுக்கு அடியில வால்வு இருக்கும், கேஸ் இறக்காமலே மாத்தலாம். எல்லாத்துலயும் இல்ல, கேட்டுட்டு ஸ்பானரை வைங்க.

எங்க வேலையில எர்ரர் மெசேஜ் தொல்லையா இருக்குன்னு அந்த வரியை கமெண்ட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற ஆளுங்க உண்டு. ஸ்க்ரீன் சுத்தமா இருக்கும், சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துக்கும். கார்ல அந்த ரெண்டு மணி எந்த ரோட்டுல வரும்னு யாருக்குத் தெரியும்?