ஆட வரமாட்டோம்

கல்லூரியில் பண்டைய உலக வரலாறு நடத்துகிறவன் நான். அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிற பழக்கமும் உண்டு. அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. பார்த்து முடித்துவிட்டு வகுப்புக்குப் போனால் அங்கே ரோமாபுரி காத்திருக்கும். ‘சாதி ஒழிப்பு பேசுற ஆளுக்கு என்.பி.ஏ.வுல என்ன தோழர் வேல?’ என்று கேட்கிறார்கள். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். மராட்டிய இளைஞர்கள் 1972இல் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தது கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அவர்கள் போராட்டத்தைக் கவனிப்பது அரசியல், அவர்கள் ஆடுவதைக் கவனிப்பது மட்டும் வெட்டிப் பொழுதா? ஆட்டம் அழகாகவும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பாடநூல்களில் ரோம் என்றால் சீசர், அகஸ்டஸ், சட்டம், சாலை. கிளாடியேட்டர்கள் ஒரு பத்தியில் வேடிக்கையாக வந்துபோவார்கள். கி.பி. 80இல் கொலோசியம் திறக்கப்பட்டது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அங்கே ஒழுங்கு உண்டு. செனட்டர்களுக்கு முன்வரிசை, பெண்களுக்கும் அடிமைகளுக்கும் உச்சி. கீழே மணலில் நின்று வெட்டுப்படுகிறவன் எந்த வரிசையிலும் சேராதவன். பொம்பெயி நகரத்துச் சுவரில் செலாடஸ் என்கிற கிளாடியேட்டரை நினைத்துப் பெண்பிள்ளைகள் பெருமூச்சு விடுவதாகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் சினிமா ஸ்டார் மாதிரி. சட்டத்தில் அவன் மானமிழந்தவன். நகரசபையில் உட்கார முடியாது.

இத்தாலியில் சார்சினா என்கிற சிற்றூரில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு. ஹொராட்டியஸ் பல்பஸ் என்பவர் தன் சொந்தச் செலவில் ஊர் மக்களுக்கு இடுகாட்டு நிலம் கொடுக்கிறார். தர்மம்தான். கொடுக்கும்போதே சிலரை விலக்கி வைக்கிறார்: கிளாடியேட்டராகத் தன்னை விற்றுக்கொண்டவன், தூக்குப் போட்டுக்கொண்டவன், அசுத்தமான தொழில் செய்து பிழைத்தவன். இதை வகுப்பில் சொன்னால் சேரியிலிருந்து வந்த பிள்ளைகள் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. தனிச் சுடுகாடு அவர்களுக்குத் தெரியாததா? மற்ற பிள்ளைகள்தான் கேட்கிறார்கள்: ‘அவ்ளோ ரசிச்சவங்க செத்தப்புறம் ஏன் சார் எடம் தரல?’

இன்னொரு சான்று கையஸ் என்கிற சட்ட அறிஞர் எழுதியது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ஒருவன் உங்களுக்குக் கிளாடியேட்டர்களை அனுப்புகிறான். காயமில்லாமல் திரும்புகிற ஆளுக்கு, சிந்திய வியர்வைக்காக, 20 தெனாரியஸ். செத்தாலோ ஊனமானாலோ 1,000. இது வாடகையா, விற்பனையா என்பதுதான் அவருடைய கேள்வி. முழுசாகத் திரும்பினவன் வாடகைக்குப் போனவன், விழுந்தவன் விற்கப்பட்டவன் என்று முடிக்கிறார். எவ்வளவு தெளிவான சட்டம் பாருங்கள். அந்த உடம்புக்குள்ளே ஒரு மனுசன் இருந்தானா என்கிற கேள்வியே எழவில்லை.

கூடைப்பந்து அணிகளுக்கும் ‘ஓனர்’ உண்டு. நம்ம பக்கம் ‘ஆண்டே’ என்போமே, அந்தச் சொல்தான் எனக்கு ஞாபகம் வரும். வீரர்கள் சிலருக்கே இது உறுத்தியது. ‘ஓனர்’ என்று சொல்வதை விட்டுவிட்டோம் என்று லீக் தலைவர் ஆடம் சில்வர் 2019இல் சொன்னார். சொல்லை விடுவது சுலபம். கிளிப்பர்ஸ் அணியை டொனால்ட் ஸ்டெர்லிங் 1981இல் 1.25 கோடி டாலருக்கு வாங்கினார். 2014 ஏப்ரலில் அவருடைய பேச்சின் ஒலிப்பதிவு வெளியானது. என் ஆட்டங்களுக்குக் கறுப்பர்களைக் கூட்டி வராதே என்று தோழியிடம் சொல்கிறார். களத்தில் ஆடி அவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்! வீரர்கள் பயிற்சிச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள், அணியின் பெயர் தெரியாதபடி. அவருக்கு ஆயுள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். பிறகு அணி 200 கோடி டாலருக்கு விலைபோனது. தண்டனை யாருக்கு?

கோடிகளில் சம்பளம் வாங்குகிற வீரனும் ரோமானிய அடிமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மணலில் செத்தவனுக்குச் செய்கிற அவமரியாதை. கி.மு. 73இல் கபுவாவில் ஸ்பார்ட்டகஸும் எழுபது பேர் போலவும் சமையல்கட்டுக் கத்தியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு தப்பினார்கள். கி.மு. 71இல் கலகம் அடக்கப்பட்டபோது கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரத்தில் 6,000 பேர் சிலுவையில் தொங்கினார்கள். வரமாட்டேன் என்றதற்கு அங்கே அதுதான் விலை. இங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போகலாம். அந்த உரிமை சும்மா வரவில்லை.

1959 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ்டனில் ஓட்டல்காரர்கள் கறுப்பு வீரர்களுக்கு அறை தரவில்லை. எல்ஜின் பெய்லர் அன்றைக்கு ஆடாமல் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தார். 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் பில் ரஸ்ஸலின் அணித் தோழர்களுக்கு ஓட்டலில் சாப்பாடு மறுக்கப்பட்டது. கறுப்பு வீரர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். வெள்ளை வீரர்கள் அன்றைக்கு ஆடினார்கள், ஆட்டம் நடந்தது. ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 முறை பாஸ்டனுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குள் புகுந்து, சுவரில் வசவு எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். திண்ணியம் நடந்தது 2002இல். மலத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

1964 ஜனவரியில் பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம். தொலைக்காட்சி ஒளிபரப்பத் தயாராக நிற்கிறது. ஓய்வூதியத்துக்கு உறுதி சொன்னால்தான் வருவோம் என்று வெள்ளையும் கறுப்புமாக வீரர்கள் அறைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். ஓனர் ஒருவர் ஆள் விட்டு மிரட்டிப் பார்த்தார். உறுதி கிடைத்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

எங்கள் பெரியப்பா பறையடிக்கிறவர். சாவு வீட்டில் அவர் கைவைத்தால் ஊரே நின்று கேட்கும். ஆடுவார்கள், சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அடித்து முடித்ததும் சோறு வேலிக்கு வெளியேதான். ஒருநாள் ‘இனிமே வரல’ன்னுட்டார். வயல் வேலை நின்றது. கடையில் சாமான் தரவில்லை. மாடு ஓட்ட வழி விடவில்லை. பெரியம்மா ரெண்டு மைல் நடந்து பக்கத்து ஊரில் அரிசி வாங்கி வரும். கொஞ்ச நாள் கழித்து, ‘கூலி ஏத்திக் குடுக்குறோம், வாடா’ன்னு கூப்பிட்டாங்க. ‘கூலிக்கா நான் நின்னேன்?’ன்னு கேட்டார். அவங்களுக்கு அது விளங்கவேயில்லை.

2020 ஆகஸ்ட் 23 அன்று விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்கிற கறுப்பரை ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து ஏழு முறை சுட்டார். கொரோனாக் காலம், ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் அடைத்து வைத்து ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி அதே மாநிலத்து அணியான மில்வாக்கி பக்ஸ் களத்துக்கு வரவில்லை. அறைக்குள் இருந்தபடியே மாநில அட்டர்னி ஜெனரலைப் போனில் பிடித்துப் பேசினார்கள். பிறகு அறிக்கையை வாசித்த இருவரில் ஒருவர் ஸ்டெர்லிங் பிரவுன். வண்டி நிறுத்தியதில் தகராறு என்று 2018 ஜனவரியில் மில்வாக்கி போலீஸ் மின்சாரம் பாய்ச்சி வீழ்த்தியது அவரைத்தான். அன்றைக்கு மற்ற ஆட்டங்களும் நின்றன, பெண்கள் அணிகளும் ஆடவில்லை. மூன்றாம் நாள் ஆட்டம் தொடங்கிவிட்டது. அரங்கங்களை வாக்குச்சாவடிக்குத் திறந்துவிடுவதாக ஒப்பந்தம். எனக்கு அது போதாது என்றுதான் பட்டது.

பெண்கள் செய்ததைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. அட்லாண்டா டிரீம் அணிக்கு ஓனர்களில் ஒருவர் கெல்லி லோஃப்லர், ஜார்ஜியாவின் செனட்டர். கறுப்பு உயிர்களுக்காக நடந்த இயக்கத்தை லீக் ஆதரிக்கக் கூடாது என்று அவர் 2020 ஜூலையில் கடிதம் எழுதினார். வீராங்கனைகள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவரை எதிர்த்து நின்ற கறுப்பினப் பாதிரியார் ரஃபேல் வார்னாக்குக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். 2021 ஜனவரி 5 அன்று, பிளேக்கைச் சுட்ட போலீஸ்காரர் மேல் வழக்கு இல்லை என்று அறிவித்தார்கள். அதே நாளில் நடந்த மறு சுற்றுத் தேர்தலில் லோஃப்லர் தோற்றார். பிப்ரவரியில் அணி கைமாறியது. வாங்கியவர்களில் ஒருவர் ரெனே மான்ட்கோமரி. அதே அணியில் ஆடியவர், முந்தைய பருவத்தில் சமூகநீதி வேலை இருக்கிறது, ஆட வரமாட்டேன் என்று ஒதுங்கியவர்.