எட்டு வேகன், ஒரு இன்ஜின், கொஞ்சம் புரோகிராம்

மாடல் ரயில் என்றதும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும் பொம்மைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதைத் தானாக ஓட வைப்பதில் ஒன்றும் இல்லை, கரண்ட் கொடுத்தால் ஓடும். நிஜமான சவால் சைடிங்கில் இருக்கிறது மக்களே.

நானும் என் அறைத்தோழனும் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அமைத்திருப்பது ‘இங்கில்நுக் சைடிங்ஸ்’. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய ஷண்டிங் புதிர். மூன்று சைடிங்குகள். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் வெளியே வந்து திரும்ப நுழைகிற தடத்தில் இன்ஜினோடு 3 வேகன்தான் கொள்ளும். மொத்தம் இருப்பது 8 வேகன். சீட்டுக் குலுக்கி அதில் 5 வேகன்களை எடுத்து, அதே வரிசையில் கோத்து நிறுத்த வேண்டும். 6,720 விதமான வரிசைகள் வரலாம். கையால் செய்தால் டீ ஆறிப்போகும்.

இதைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை. புதிரை விடுவிப்பது சுலபம். 8 வேகன்களும் மூன்று சைடிங்குகளில் நிற்கக்கூடிய விதங்கள் 4,03,200. நமக்குத்தான் மலைப்பு, லேப்டாப்புக்கு அது கொசு. வகுப்பில் படித்த பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்சே போதும்.

தண்டவாளத்தில் இறங்கினால்தான் வேடிக்கை. "இந்த வேகனைக் கழற்றி விடு" என்று புரோகிராம் சொல்லும். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் காந்தம் கப்ளிங்கை விலக்க வேண்டும். சில சமயம் விலக்காது. இன்ஜின் வேகனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். புரோகிராமின் கணக்கிலோ அது சைடிங்கில் நிற்கிறது! அடுத்த நகர்வில் டமால். பாயின்ட்டும் அப்படித்தான். நடுவில் ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் பாதி திரும்பி நின்றுவிடும்.

ஆகவே எங்களுக்கு ஒரே சட்டம்: சொன்னதை நடந்ததாக நம்பக் கூடாது. ஸ்லீப்பர்களுக்கு நடுவே இன்ஃப்ராரெட் சென்சார் வைத்துக் கடந்துபோகும் வேகன்களை எண்ணுகிறோம். பாயின்ட் முழுசாகத் திரும்பியதை ஒரு குட்டி ஸ்விட்ச் உறுதி செய்த பிறகே இன்ஜின் நகரும். புரோகிராமில் பாதிக்கு மேல் இந்தச் சரிபார்ப்புதான்.

நிஜ ரயில்வேயின் இன்டர்லாக்கிங்கும் இதே கதைதான். பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டது என்று தகவல் வந்தால்தான் சிக்னல் பச்சையாகும். அந்தத் தகவலே தப்பாக இருந்தால்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் அதுதான் நடந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேராகப் போகச் சொல்லிப் பச்சை சிக்னல். பாயின்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. உள்ளே புகுந்த ரயில் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அந்த விபத்தில் 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் செய்த மாற்றங்களில் இருந்த குறைபாடுதான் காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை.

எங்கள் மேசையில் வேகன் கவிழ்ந்தால் கையால் தூக்கி வைத்துவிடலாம். ஆனால் நம்மில் சிலர் நாளைக்கு லிஃப்ட்டுக்கும் சிக்னலுக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் புரோகிராம் எழுதப் போகிறோம். "கமாண்ட் அனுப்பியாச்சு" என்பது வேறு, "வேலை முடிஞ்சாச்சு" என்பது வேறு. இதை எனக்கு எந்தப் பாடப் புத்தகத்தை விடவும் இந்த எட்டு வேகன்கள்தான் நன்றாகப் புரிய வைத்தன.