கிழிந்த காலண்டரும் இருபடிச் சமன்பாடும்

கயத்தாறில் ஒரு வீடு. 2025 டிசம்பர் 31. தினசரி காலண்டரில் கடைசித் தாள். அதில் இருந்த 2025 என்ற எண்ணைத் தாத்தா சரிபாதியாகக் கிழித்துப் பேரன் கையில் கொடுத்தார். பேரன் பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில். இருபடிச் சமன்பாடு என்றாலே அவனுக்குப் பயம்.

"ரெண்டையும் கூட்டுலே."

"இருபதும் இருபத்தஞ்சும்... நாப்பத்தஞ்சு."

"அத அதாலயே பெருக்கு."

பெருக்கினான். 2025!

"இதே மாதிரி இருபத்தஞ்சுல முடியிற இன்னொரு நாலு இலக்க எண் இருக்கு. கண்டுபிடி பாப்போம்."

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டான். பிறகு முதல் பாதியை 'அ' என்று வைத்து எழுதினான்.

(அ + 25)² = 100அ + 25

விரித்துச் சுருக்கினால்,

அ² − 50அ + 600 = 0

இதைப் பார்த்தால் விடை தெரியவில்லை. காரணிப்படுத்தினான்.

(அ − 20)(அ − 30) = 0

20 தெரிந்ததுதான். அப்படியானால் இன்னொன்று 30. அதாவது 3025. முப்பதும் இருபத்தைந்தும் 55. 55 × 55 = 3025. சரியாக இருக்கிறது!

வர்க்கப் பூர்த்தி முறையில் எழுதினால் (அ − 25)² = 25. அதாவது 25-க்கு ஐந்து கீழே ஒன்று, ஐந்து மேலே ஒன்று. இரண்டு விடை ஏன் வந்தது என்பது இந்த வடிவத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

இதுவரை அவன் இவற்றைத் தனித்தனிக் கணக்குகளாக நினைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். தாத்தா கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். "குறிப்பேடு வேற, பேரேடு வேற. பணம் ஒண்ணுதாம்ல" என்றார். சமன்பாடும் அப்படித்தான். வடிவம் மாறும், விடை மாறாது. ஆனால் ஒரு வடிவத்தில் ஒளிந்திருப்பது இன்னொரு வடிவத்தில் வெளியே வந்துவிடும்.

இந்தப் புதிர் பழையது. இங்கிலாந்தின் ஹென்றி டியூடெனி 1917-ல் வெளியிட்ட புத்தகத்தில், 3025 என்று எழுதிய சீட்டு இரண்டாகக் கிழிந்ததாக வரும். 45, 55 போன்ற எண்களுக்குக் கப்ரேக்கர் எண்கள் என்று பெயர். கப்ரேக்கர் மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எண்களோடு விளையாடியே உலகப் புகழ் பெற்றார்.

இப்படி ஒரு வருடம் மறுபடி வர 3025 வரை காத்திருக்க வேண்டும். பேரன் அந்த இரண்டு துண்டுகளையும் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான்.

நாலு இலக்கத்தில் இப்படி இன்னும் ஒரே ஒரு எண் உண்டு. அது 25-ல் முடியாது. நீங்களே தேடிப் பாருங்களேன்!