அலை பாடும் ஊரில் ஒரு பகல்

ஏட்டைப் படித்து அறிவது ஒரு கல்வி. ஊரைப் பார்த்து அறிவது இன்னொரு கல்வி. வரலாறு படிக்கும் நமக்கு இரண்டாவது கல்வி இல்லாமல் முதலாவது நிறைவு பெறாது. மதுரை, தஞ்சை போன்ற பெருநகரங்கள் தம் பெருமையைத் தாமே உரக்கச் சொல்லிக்கொள்ளும். சிற்றூர்கள் அப்படியல்ல. நாம் போய் நின்று, காது கொடுத்தால்தான் அவை வாய் திறக்கும்.

ஐரோப்பாவுக்குச் சென்று வந்தவர்கள் எழுதும் பயண நூல்களில் அமைதியான சிற்றூர்கள் அடிக்கடி வரும். போலந்திலோ டென்மார்க்கிலோ கல் பாவிய ஒரு தெரு, ஒரு பழைய தேவாலயம், ஆளரவமற்ற ஒரு சதுக்கம் என்று படிக்கும்போதே மனம் அங்கே போய்விடும். அவ்வூர்களைக் காணும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் அத்தகைய ஓர் ஐரோப்பியச் சிற்றூர் நம் தமிழ்க் கடற்கரையிலேயே இருக்கிறது. அதுதான் தரங்கம்பாடி. அலைகள் பாடும் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

என் பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். ராசிங்காபுரத்திலிருந்து முதல் நாள் இரவே வேன் பிடித்துக் கிளம்பினோம். மறுநாள் காலையில் சடங்கும் சாப்பாடும் முடிந்ததும் உறவினர்கள் எல்லோரும் பூம்புகாருக்குப் புறப்பட்டார்கள். திருக்கடையூரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கேதான் தரங்கம்பாடி என்பது எனக்குத் தெரியும். "நான் அங்கே போகிறேன்" என்றேன். "ஒத்தையிலயா போவ? இரு, நானும் வாரேன்" என்று அம்மாவும் என்னோடு பேருந்து ஏறிவிட்டார்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறுவார். போடி வந்து, போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத்து ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறங்கி வருவார். மலையை அவர் அறிந்த அளவு அறிந்தவர் குறைவு. கடலை மட்டும் அவர் அன்றுவரை பார்த்ததில்லை.

ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு வாயில் நிற்கிறது. 1792இல் டேனியர் கட்டியது. வாயிலைக் கடந்தால் ராஜ வீதி. நேரான, அகலமான தெரு. இரு பக்கமும் தூண்கள் வைத்த பழைய வீடுகள். இடப்பக்கமும் வலப்பக்கமும் தேவாலயங்கள். தெருவின் முடிவில் கடல். நடுப்பகல் வேளையில் அந்தத் தெருவில் எங்கள் செருப்பொலியைத் தவிர வேறு ஓசையில்லை. அலையின் இரைச்சல் மட்டும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்தது. அம்மா சட்டென்று நின்றார். "மழையா வருது?" என்று கேட்டார். மலையில் தூரத்து மழை இப்படித்தான் இரைந்துகொண்டு வரும். "இல்லம்மா, கடல்" என்றேன். கடலைக் கண்டதும் அவர் எதுவும் பேசவில்லை. முந்தானையை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டை இருக்கிறது. அதன் கதை 1618இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஓவ் ஜெட்டே என்னும் இளைஞரின் தலைமையில் டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் கால் ஊன்றுவதே அவர்கள் எண்ணம். அது கைகூடவில்லை. பிறகு தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு, இந்தக் கடற்கரையில் கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கோட்டைக்குள் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது.

அவர்கள் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தது எதற்கு என்று அம்மா கேட்டார். "மிளகுக்கும் துணிக்கும்" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொளகுக்கா இம்புட்டுப் பெரிய கோட்டை?" என்றார். மிளகுக் கொடி அவர் வேலை செய்யும் தோட்டத்தில் நிழல் மரங்களில் படர்ந்து கிடப்பது. நாள்தோறும் தோளில் உரசிக்கொண்டு போகும் அந்தக் கொடிக்காகக் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின, ஆட்கள் நடுக்கடலில் செத்தார்கள், மன்னர்கள் பொன்னில் மடல் எழுதினார்கள் என்பது அவருக்கு வியப்பாகவே இருந்தது. வகுப்பில் 'நறுமணப் பொருள் வணிகம்' என்று ஒரே தொடரில் நான் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அத்தொடரின் பொருள் அம்மாவின் அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது.

தமிழ் படிக்கும் நண்பர்களுக்கு இவ்வூர் ஒரு திருத்தலம் என்றே சொல்வேன். 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு, புளுச்சோ என்னும் ஜெர்மானியர் இருவர் இங்கே வந்து இறங்கினர். சமயம் பரப்ப வந்த சீகன்பால்கு முதலில் தமிழுக்கு மாணவரானார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பர். தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் விவரமான ஒரு பட்டியலும் எழுதினார். பின்னர் அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் வந்தன. தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறி 1715இல் நிறைவுற்றது. காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்னும் ஊர்ப்பெயர் அதை இன்றும் சொல்கிறது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே, 1719இல் தம் 36ஆம் வயதில் இறந்த சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையைப் பார்த்து அம்மா கைகூப்பினார். "முப்பத்தாறா? புள்ளைக சின்னதா இருந்திருக்குமே" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. எந்தப் பாடநூலும் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

ஆலயத்திலிருந்து கடற்கரைக்குத் திரும்பினோம். கோட்டைக்கு வடக்கே, அலை வந்து தொடும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அக்காலத்தில் இவ்வூருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். கோயிலின் முற்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மலைக்காரியான அம்மா அந்தக் கற்களைத் தொட்டுப் பார்த்தார். மலையை உடைத்துக் கொண்டுவந்து கடலுக்கு அணை போட்டிருப்பது அவர் மனத்துக்கு ஒப்பவில்லை போலும்.

அங்கே ஒரு பெண்மணி கூடையில் மாங்காய்க் கீற்றும் சுண்டலும் விற்றுக்கொண்டிருந்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். வாங்குவோர் யாரும் இல்லாததால் எங்களோடு பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருக்கா நீங்க?"

"தேனிப் பக்கம்மா. போடிக்கு அங்கிட்டு, ராசிங்காபுரம்."

"வர்றவங்க எல்லாரும் கோட்டையப் பாத்துட்டு, நல்லா அமைதியா இருக்கு ஊருன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க. எங்க வீட்டுலயும் அமைதிதான். பையன் சிங்கப்பூரு போயி ஆறு வருசமாச்சு."

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்ததைப் பற்றியும் அவரே சொன்னார். அன்று மீனவர் குடியிருப்பில் தம் அக்காள் பிள்ளைகள் இருவரைப் பறிகொடுத்ததை, கூடையைத் துணியால் மூடியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை. தம் பைக்குள் கைவிட்டு, சடங்குப் பாயசத்துக்குக் கொண்டுவந்து மிஞ்சியிருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்தப் பெண்மணி முகர்ந்து பார்த்தார்.

"எம்மாடி! இவ்வளவா? இதெல்லாம் என்ன வெலை விக்குது!"

"எடுக்குற கூலிதாம்மா நமக்குத் தெரியும். வெலையெல்லாம் போடியில ஏலம் போடுறவகளுக்குத்தான் தெரியும்" என்றார் அம்மா.

அந்தப் பெண்மணி சுண்டலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மிளகுக்காகக் கோட்டை எழுந்த கடற்கரையில், கோட்டையோ உடன்படிக்கையோ இல்லாமல் ஒரு பண்டமாற்று நடந்து முடிந்தது.

திரும்பும் வழியில் அம்மா கேட்டார்: "இம்புட்டுப் பெரிய வீடெல்லாம் இருக்கே, ஆளுகள்லாம் எங்க போனாக?" அதற்கு நான் அறிந்த வரலாற்றைச் சொன்னேன். டேனியருக்கு வணிகம் நொடித்தது. 1845இல் இவ்வூரை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1861இல் இருப்புப்பாதை போட்டபோது ஆங்கிலேயர் நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கினர். சரக்கும் கப்பலும் அங்கே போயின. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல்தான். 1980களில் அதுவும் நின்றுவிட்டது. பயணிகளாகிய நாம் ரசிக்கும் அமைதி, வேலையும் வணிகமும் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போனபின் எஞ்சிய அமைதி.

அம்மா சற்று யோசித்தார். "சத்தம் போச்சுன்னா சம்பளமும் போச்சுன்னு சொல்லு" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பொருளாதாரப் பேராசிரியரும் சொல்ல முடியாது.

அந்தச் சொல் என்னை நம் ஊர்ப்பக்கம் திருப்பியது. எங்கள் ராசிங்காபுரம் விடியற்காலையில் அமைதியான ஊர் அன்று. ஜீப்புகளின் ஒலிப்பான், ஆள் கூப்பிடும் குரல், தூக்குச்சட்டிகளின் ஓசை இவைதாம் எங்கள் பூபாளம். அந்த வளைவுகளில் போய் வீடு திரும்பாதவர்களையும் எங்கள் பக்கத்து ஊர்கள் அறியும். ஆதலால் அந்த ஓசையை வெறும் இன்னிசை என்று நான் பாடமாட்டேன். ஆனால் அது அடங்கிவிட்டால் எங்கள் தெருக்களில் எத்தனை அடுப்பு எரியும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

வணிகம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு நம் மலையிலேயே சான்று உண்டு. மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. மதுரைக்கும் போடிக்கும் 1928இல் வந்த ரயில், 2010ஆம் ஆண்டு முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடி நிலையத்தில் பயணிகள் ரயிலின் ஓசை கேட்கவில்லை. 2023 ஜூனில் மீண்டும் கேட்டது. தரங்கம்பாடிக்கு வாய்க்காதது போடிக்கு வாய்த்தது. ஏலக்காயோ இன்று நம் மலைக்கு மட்டும் உரியதன்று. குவாட்டிமாலாவிலும் அது மிகுதியாக விளைகிறது. ஸ்காண்டிநேவிய நாட்டார் தம் ரொட்டியில் ஏலக்காய் இடுவார்கள் என்று படித்திருக்கிறேன். மிளகு தேடி வந்தவர்களின் பேரர் வீட்டு அடுக்களையில் என் அம்மா எடுத்த காய் மணக்கலாம். அது எந்த மலையில் எவர் கை எடுத்த காய் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

நண்பர்களே, தரங்கம்பாடியில் கோட்டையை விட என் மனத்தில் நின்றது ஒன்று உண்டு. அவ்வூரின் வணிகம் போயிற்று, கப்பல் போயிற்று, ரயிலும் போயிற்று. ஆயினும் அவ்வூர் மறையவில்லை. காரணம், எழுதி வைத்தார்கள். தளபதியின் பெயர் இருக்கிறது. பாதிரியாரின் பெயர் இருக்கிறது. பொன் மடலும் சுவடிப் பட்டியலும் இருக்கின்றன. மிளகு மூட்டையைச் சுமந்து கரைக்குக் கொண்டுபோனவர்களின் பெயர் எந்தக் கண்ணாடிப் பேழையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத அன்று அவர்கள் வீட்டில் எழுத்தறிந்த பிள்ளை இல்லாமல் போயிருக்கலாம்.

இன்று நம் வீடுகளில் இருக்கிறோம். நம் கல்லூரியில் என்னைப் போல் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! தோட்டத்து வேலை, காய் உலர்த்தும் முறை, கிட்டங்கியில் தரம் பிரிக்கும் கை, அன்றைய கூலி, இன்றைய கூலி, ஜீப்பில் பேசிக்கொள்ளும் கதை ஆகிய யாவும் ஆவணமாக வேண்டியவை. வெளிநாட்டுப் பயணி ஒருவர் வந்து நம் ஊரைக் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் இதனை மாணவர் ஆய்வாக ஏற்று வழிநடத்த வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

நான் ஒரு குறிப்பேடு தொடங்கிவிட்டேன். அதன் முதல் பக்கத்தில் அம்மாவோடு ஒரே ஜீப்பில் போய்வரும் பதினொரு பெண்களின் பெயரும், அவர்கள் மலையேறத் தொடங்கிய வயதும் இருக்கின்றன. அடுத்த பக்கங்களை அவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது.